ஜாமீன் கிடைத்தும் ஜெயிலில்!

"ஜாமீன் கிடைத்துவிட்டது!"

வக்கீல் சொன்ன இந்த வார்த்தையைக் கேட்டதும், வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வருகிறது. 'நாளைக்கு மகன் வந்துவிடுவான்' என்று தாயார் உலையில் இரண்டு பிடி அரிசி கூடப் போடுகிறாள்.

ஆனால், மறுநாள் மகன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வாரம் ஒன்று ஓடிவிடுகிறது.

கோர்ட்டு விடச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஆள் ஜெயிலில்! ஏன்?

ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை. அல்லது ஆள் கிடைத்தும் அவரிடம் உரிய காகிதம் இல்லை. அல்லது, 'பத்தாயிரம் ரூபாய் கட்டினால்தான் விடுவார்கள்' என்று தவறாக நினைத்துக்கொண்டு, குடும்பத்தார் பணத்துக்காக வட்டிக் கடைக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படி, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருந்தவர்கள் ஒருவர், இருவர் அல்ல. 2022-ம் ஆண்டின் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, நாடு முழுவதும் சுமார் 5 ஆயிரம் பேர்!

அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். ஜாமீன் என்றால் என்ன, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், பலருடைய கஷ்டம் குறைந்திருக்கும்.

காரியாபட்டிச் சீமையிலே...

மதுரையில் இருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது, காரியாபட்டி. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்.

சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விவசாயம். பெய்யாவிட்டால் கல்குவாரி, கட்டட வேலை, பட்டாசு ஆலை என்று பிழைப்புத் தேடி ஓட வேண்டும்.

பட்டாசுத் தொழில் நடக்கும் மாவட்டம் அல்லவா? எனவே, ஜாமீன் என்ற சொல் இங்கு அடிக்கடி காதில் விழும். ஓர் ஆலையில் வெடி விபத்து நடந்தால், போர்மேனையும் மேனேஜரையும் போலீசார் தேடுகிறார்கள். அனுமதி இல்லாமல் வீட்டில் கருந்திரி வைத்திருந்தாலும் கைதுதான்.

2024-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி, காரியாபட்டி அருகே ஆவியூர் பகுதியில் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அங்கு வேலை செய்த தொழிலாளர்கள் பலியானார்கள். அதிலும் வழக்கு, கைது எல்லாம் உண்டு.

இவை தவிர வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை, திருவிழாக் கைகலப்பு என்று எந்த ஊரிலும் நடக்கும் வழக்குகளும் இருக்கின்றன.

கைதாகிறவர் குற்றம் செய்தவராக இருக்கலாம். செய்யாதவராகவும் இருக்கலாம். அது விசாரணையில்தான் தெரியும். அதுவரை அவரை எங்கே வைத்திருப்பது? ஜெயிலிலா, வீட்டிலா? இந்தக் கேள்விக்குப் பதில்தான் ஜாமீன்.

24 மணி நேரம்

போலீசார் ஒருவரைக் கைது செய்தால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்த வேண்டும். வழிப் பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. இது நமது அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும் உரிமை. என்ன குற்றத்துக்காகக் கைது என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். அவருடைய உறவினருக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும்.

குற்றங்களில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இதில் ஜாமீன் என்பது உரிமை. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கோர்ட்டு வரை போக வேண்டியதில்லை. போலீஸ் நிலையத்திலேயே ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

மற்றொன்று, ஜாமீனில் விட முடியாத குற்றம். இந்தப் பெயரைக் கேட்டு, 'ஜாமீனே கிடையாது போலிருக்கிறது' என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படி அல்ல. போலீஸ் நிலையத்தில் கேட்டு வாங்கும் உரிமை இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். கோர்ட்டில் மனுப் போட வேண்டும். கொடுப்பதா, வேண்டாமா என்பதை நீதிபதி முடிவு செய்வார். கைதானவர் பெண்ணாகவோ, நோயாளியாகவோ, உடல் தளர்ந்தவராகவோ இருந்தால், அதையும் மாஜிஸ்திரேட்டு கவனத்தில் கொள்ளலாம்.

எனவே, குடும்பத்தார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வழக்கின் நம்பரும் எந்தப் பிரிவில் வழக்கு என்பதும்தான். அது தெரிந்தால்தான் வக்கீல் அடுத்த வேலையைத் தொடங்க முடியும்.

மூன்று கோர்ட்டுகள்

முதலில், அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் ஜாமீன் கேட்கலாம். அங்கு கிடைக்காவிட்டால் செசன்ஸ் கோர்ட்டு. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. காரியாபட்டிக்காரர்களுக்கு மதுரை பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரோ வெகு தூரம்!

செசன்ஸ் கோர்ட்டிலும் கிடைக்காவிட்டால் ஐகோர்ட்டு. 2004-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி மதுரையில் ஐகோர்ட்டுக் கிளை திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, காரியாபட்டிக்காரர் ஒருவருக்கு ஐகோர்ட்டில் ஜாமீன் வேண்டுமானால் சென்னைக்குத்தான் போக வேண்டும். இப்போது காலையில் பஸ் ஏறினால், வேலையை முடித்துக்கொண்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

ஒரு கோர்ட்டில் மனு தள்ளுபடி ஆகிவிட்டது என்பதற்காக மனம் ஒடிந்துபோக வேண்டாம். மேல் கோர்ட்டுக்குப் போகலாம். நிலைமை மாறினால், அதே கோர்ட்டில் மறுபடியும் கேட்கலாம்.

பத்தாயிரம் கட்ட வேண்டுமா?

'ரூ.10 ஆயிரத்துக்குச் சொந்த ஜாமீனும், அதே தொகைக்கு 2 நபர் ஜாமீனும் கொடுக்க வேண்டும்' என்று நீதிபதி உத்தரவு போடுகிறார்.

இதைக் கேட்டதும் வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். கைதானவருக்குப் பத்து, ஜாமீன் நிற்பவர்கள் இருவருக்கும் பத்து, பத்து. ஆக, முப்பதாயிரம்! தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிறது. ஆடு சந்தைக்குப் போகிறது.

இது பெரிய தவறு.

அந்தத் தொகையை அன்றைக்கு யாரும் கட்ட வேண்டியதில்லை. 'இவர் வாய்தாவுக்கு ஒழுங்காக வருவார். வராமல் ஓடிப்போனால், அப்போது நான் இந்தத் தொகையைக் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுப்பதுதான் ஜாமீன் பத்திரம். அது வாக்குறுதி. ரொக்கம் அல்ல. கைதானவர் ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வந்து வழக்கு முடிந்துவிட்டால், ஜாமீன் நின்றவர் ஒரு காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

சில வழக்குகளில் மட்டும், இவ்வளவு ரொக்கம் டெபாசிட் செய்ய வேண்டும் என்று கோர்ட்டு தனியாகச் சொல்லும். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காவிட்டால், கோர்ட்டின் அனுமதி பெற்று ரொக்கமாகக் கட்டவும் சட்டத்தில் இடம் உண்டு. கைதானவர் நிபந்தனையை மீறாமல் இருந்தால், வழக்கு முடிந்த பிறகு அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே, உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீலிடம் வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் ஜாமீன் நிற்கலாம்?

மைனராக இருக்கக் கூடாது. நிலையான விலாசம் இருக்க வேண்டும். சொன்ன தொகைக்குத் தகுந்த வசதி இருக்க வேண்டும். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றால், அவர்களில் ஒருவர் ரத்த சம்பந்தமான உறவினராக இருக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்வதும் உண்டு.

ஜாமீன்தாரரின் ஆதார் அட்டை அல்லது பாங்கி பாஸ் புத்தகத்தின் நகல் கேட்பார்கள். ஜாமீன் பத்திரத்தில் அவருடைய போட்டோவை ஒட்டி, இடது கை பெருவிரல் ரேகையும் வைக்கச் சொல்வார்கள். வசதியைக் காட்ட, வீட்டு வரி ரசீது, பட்டா, கிராம நிர்வாக அதிகாரியின் சான்று ஆகியவை உதவும். பெரிய தொகையாக இருந்தால், தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கி வரச் சொல்லலாம். எந்தக் காகிதம் வேண்டும் என்பது கோர்ட்டுக்குக் கோர்ட்டு கொஞ்சம் மாறும். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால், வீண் அலைச்சல் இல்லை.

ஜாமீன் நிற்பவர், ஏற்கனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் கோர்ட்டில் சொல்ல வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. ஜாமீன் நிற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. போலிக் காகிதத்தைக் காட்டி, முன்பின் தெரியாதவருக்கு எல்லாம் கையெழுத்துப் போடுவார்கள். ஆயிரம், இரண்டாயிரம் என்று கூலியும் வாங்கிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட ஆளைப் பிடித்தால் ஆபத்துதான். போலி என்று தெரிந்தால், ஜாமீன் ரத்து ஆகிவிடும். புதிய வழக்கும் வந்து சேரும்.

"மாமா, நீங்கதான் கையெழுத்துப் போடணும்"

பொய்க் காகிதத்தைத் தேடி மனிதர்கள் ஏன் போகிறார்கள்? சொந்தக்காரர்களிடம் போய்க் கேட்க வெட்கம்!

"மாமா, தம்பியை உள்ளே வச்சிருக்காங்க. நீங்கதான் கையெழுத்துப் போடணும்" என்று கேட்க நாக்கு எழுவதில்லை. கேட்டாலும், "கோர்ட்டுப் படி ஏறினதே இல்லையே, மாப்பிள்ளை" என்று மாமா தயங்குகிறார்.

இதைச் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஒருவர் மீது பல மாநிலங்களில் 13 வழக்குகள். எல்லாவற்றிலும் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால், ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக ஆள் பிடிக்க அவரால் முடியவில்லை. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி, நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விசுவநாதன் ஆகியோர் அந்த வழக்கில் தீர்ப்புக் கூறினார்கள். நீதிபதி விசுவநாதன், பொள்ளாச்சியைச் சேர்ந்த தமிழர்.

ஜாமீன் நிற்க வருபவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினரோ, நெடுநாள் நண்பரோதான். கிரிமினல் வழக்கு என்றால், மானத்துக்குப் பயந்து அவர்களிடமும் சொல்ல மாட்டார்கள். ஆகவே, கேட்கக்கூடிய ஆட்களின் வட்டம் இன்னும் சுருங்கிவிடுகிறது என்று தீர்ப்பில் கூறப்பட்டது. ஜாமீன் கொடுத்துவிட்டு, நிறைவேற்ற முடியாத நிபந்தனை போட்டால், வலது கையால் கொடுத்ததை இடது கையால் பறிப்பது போல ஆகும் என்றும் சொன்னார்கள். அவருக்கு ஜாமீன் நின்ற அதே ஆட்களே எல்லா வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று வழி செய்தார்கள்.

கொத்தனார் போட்ட வழக்கு

இதற்கு எல்லாம் முன்னோடி, ஒரு கொத்தனாரின் வழக்கு!

மத்தியப் பிரதேச மாநிலத்தைச் சேர்ந்த அந்தக் கொத்தனாரின் பெயர் மோதிராம். சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு ஜாமீன் கொடுத்தது. எவ்வளவு தொகை என்று சொல்லவில்லை. அதை மாஜிஸ்திரேட்டு முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது.

மாஜிஸ்திரேட்டு, 'ரூ.10 ஆயிரத்துக்கு ஜாமீன் கொடு' என்று சொல்லிவிட்டார். 1978-ம் ஆண்டில் பத்தாயிரம் ரூபாய் என்றால், ஒரு கொத்தனாருக்கு அது எட்டாத தொகை. அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க வந்தார். 'உன் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது. செல்லாது' என்று அவரையும் ஏற்கவில்லை.

மோதிராம் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் விசாரித்தார். இவர் ஜெயிலை வெளியில் இருந்து மட்டும் பார்த்தவர் அல்ல. வக்கீலாக இருந்தபோது, 1948-ம் ஆண்டில் சுமார் ஒரு மாதம் தாமே ஜெயிலில் இருந்தவர்.

1978-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஜாமீன்தாரர் அதே ஜில்லாக்காரராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று நீதிபதி கேட்டார். ஒரு தமிழரோ, மலையாளியோ, ஆந்திரரோ வெகு தூரத்தில் உள்ள போர்ட் பிளேரிலோ, டெல்லி சாந்தினி சவுக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்து உள்ள ஆளுக்கு எங்கே போவார் என்றும் கேட்டார். இந்தியாவில் எங்கு இருந்தாலும் இந்தியர் இந்தியரே என்றார்.

மோதிராமை ரூ.1,000-க்குச் சொந்த ஜாமீனில் விடும்படி உத்தரவு போட்டார். வேறு ஆள் ஜாமீன் தேவையில்லை!

இந்தத் தீர்ப்பு காரியாபட்டிக்காரர்களுக்கும் வேண்டியதே. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும், வெளி மாநிலங்களுக்கும் போகிறவர்கள் எத்தனை பேர்! அங்கே ஒரு வழக்கில் சிக்கிக்கொண்டால், ஊரில் இருக்கும் அண்ணனோ, சித்தப்பாவோ வந்து ஜாமீன் நிற்கலாம். 'உள்ளூர்க்காரர்தான் வேண்டும்' என்று சொன்னால், இந்தத் தீர்ப்பை வக்கீல் எடுத்துக் காட்டலாம்.

ஜெயிலுக்கு உத்தரவு போகும் வழி

ஜாமீன் உத்தரவு கிடைத்த உடனே கதவு திறந்துவிடாது. ஐகோர்ட்டு ஜாமீன் கொடுத்தாலும், ஜாமீன்தாரர்கள் பெரும்பாலும் வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்கு வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். மாஜிஸ்திரேட்டு காகிதங்களைப் பார்த்து ஏற்றுக்கொள்வார். பிறகு, 'இவரை விடுதலை செய்யவும்' என்று ஜெயிலுக்கு உத்தரவு போகும். மதுரை மத்திய ஜெயிலோ, விருதுநகர் ஜெயிலோ, ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே அது போய்ச் சேர வேண்டும். அவர் மீது வேறு வழக்கு இருக்கிறதா என்று ஜெயில் அதிகாரிகள் பார்ப்பார்கள். இல்லை என்றால் விடுவார்கள். உத்தரவு நேரம் கடந்து போய்ச் சேர்ந்தால், மறுநாள்தான் விடுதலை.

இந்தத் தாமதம் பணக்காரர்களையும் விட்டுவைப்பதில்லை. இந்தி நடிகர் ஷாருக்கானின் மகன் ஆர்யன்கானுக்கு, 2021-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி மும்பை ஐகோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. நடிகை ஜூஹி சாவ்லா, ரூ.1 லட்சத்துக்கு ஜாமீன் நின்று கோர்ட்டில் கையெழுத்துப் போட்டார். ஆனால், ஆர்தர் ரோடு ஜெயில் வாசலில் உள்ள ஜாமீன் பெட்டியை மாலை 5.30 மணிக்குத் திறந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் உத்தரவு வந்து சேரவில்லை. அதனால், இன்னும் ஓர் இரவு அவர் உள்ளேயே இருந்தார். 30-ந் தேதி காலையில்தான் வெளியே வந்தார். மறு ஆண்டு, போதிய ஆதாரம் இல்லை என்று குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை.

2021-ம் ஆண்டு ஜூலையில், ஆக்ரா ஜெயிலில் சிலர் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகும் நாள் கணக்கில் விடப்படாமல் இருந்தார்கள். 'இந்தக் காலத்திலும் உத்தரவைப் புறா கொண்டுவரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களா?' என்ற பொருளில், அப்போதைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா கேட்டார்.

ஜனாதிபதி கேட்ட கேள்வி

2022-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி. டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டு நடத்திய அரசியல் சட்ட தின விழா. ஜனாதிபதி திரவுபதி முர்மு பேசினார். சிறு குற்றங்களுக்காக உள்ளே போய், வெளியே எடுக்க ஆளில்லாமல் கிடக்கும் ஏழைகளைப் பற்றி, மலைவாழ் மக்களைப் பற்றி, எழுதி வைத்திராமல் மனம் விட்டுப் பேசினார்.

மூன்றே நாளில் சுப்ரீம் கோர்ட்டு கணக்குக் கேட்டது. கேட்டவர்களில் ஒருவர் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல். இவர் முன்பு சென்னை ஐகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அந்தக் கணக்கில்தான், ஜாமீன் கிடைத்தும் ஜெயிலில் இருந்த 5 ஆயிரம் பேரின் விவரம் வெளியே வந்தது. அவர்களில் 2,357 பேருக்குச் சட்ட உதவி கொடுக்கப்பட்டது. 1,417 பேர் விடுதலை ஆனார்கள். எடுத்துச் சொல்ல ஆள் வந்ததும், இத்தனை பேருக்கு வழி பிறந்தது!

2023-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு சில விதிகளை வகுத்தது. குடும்பத்தார் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை இவை:

ஜாமீன் கொடுத்தால், உத்தரவின் நகலை அன்றோ, மறுநாளோ ஈமெயில் மூலம் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும்.

7 நாளில் ஆள் வெளியே போகாவிட்டால், ஜெயில் சூப்பிரண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து உதவி செய்ய வேண்டும்.

ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைக் குறைக்கலாமா என்று கோர்ட்டே தானாக முன்வந்து பார்க்கலாம்.

ஏழைக்கு என்ன வழி?

ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதாகி, ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், அவரை ஏழை என்று கருத வேண்டும் என்கிறது சட்டம். அவரைச் சொந்த ஜாமீனிலேயே விட வேண்டும்.

மற்ற குற்றங்களில், போலீசார் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றமாக இருந்தால் 90 நாள். அதற்குள் தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் உரிமை ஆகிவிடும். ஆனால் தானாக வராது. குற்றப்பத்திரிகை வந்து சேருவதற்கு முன்பே மனுப் போட்டுக் கேட்க வேண்டும். நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியது குடும்பத்தார் வேலை.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை எவ்வளவோ, அதில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், ஜாமீன் பெறலாம். முதல் தடவையாக வழக்கில் சிக்கியவர் என்றால், மூன்றில் ஒரு பங்குக் காலம் போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது.

இந்தச் சட்டம் எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1979-ம் ஆண்டு ஜனவரியில், போலீஸ் கமிஷன் உறுப்பினரான கே.எப்.ருஸ்தம்ஜி ஒரு பத்திரிகையில் எழுதினார். பீகார் ஜெயில்களில், விசாரணையே நடக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஆண்கள், பெண்கள், சிறுவர்களைப் பற்றி எழுதினார். தண்டனை கொடுத்திருந்தால் கூட அவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டார்கள்! அந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்து, கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அதற்குப் பெயர். ஊரில் வேரூன்றி வாழ்பவர், ஓடிப்போக மாட்டார் என்று தெரிந்தால், பணப் பொறுப்பு இல்லாமலே சொந்த ஜாமீனில் விடலாம் என்று நீதிபதி பி.என்.பகவதி கூறினார். ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள்.

ஜெயிலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். தாலுகா கோர்ட்டுகளில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடமும், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது.

ரொக்கம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ள ஏழைக் கைதிகளுக்காக, மத்திய அரசு 2023-ம் ஆண்டில் ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு ரூ.40 ஆயிரம் வரை கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஜெயில் சூப்பிரண்டு மூலம் இதைக் கேட்கலாம்.

ஜாமீனை விலைக்கு விற்கும் நாடு

அமெரிக்காவில் ஜாமீன் நிற்பதே ஒரு வியாபாரம்! கடை போட்டு, விளக்கு எரியவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஜாமீன் தொகையில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொடுத்தால், அவர்கள் ஜாமீன் நின்று ஆளை வெளியே எடுப்பார்கள். வழக்கில் விடுதலை ஆனாலும் அந்தக் கட்டணம் திரும்பி வராது.

இங்கிலாந்திலோ, ஜாமீன் நிற்பவருக்கு நஷ்ட ஈடு தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்வதே குற்றம். நம் நாட்டிலும், ஜாமீன்தாரரிடம் முன்பணம் கொடுத்து வைத்து, 'உனக்கு நஷ்டம் வந்தால் இதை எடுத்துக்கொள்' என்று செய்துகொள்ளும் ஏற்பாடு சட்டப்படி செல்லாது. ஏன்? நஷ்டப் பயம் இல்லாதவன் ஆளைக் கவனிக்க மாட்டான் என்பதுதான்.

அமெரிக்காவிலும் இப்போது மனம் மாறி வருகிறது. 1961-ம் ஆண்டிலேயே, நியூயார்க் நகரில் பணம் வாங்காமல், ஊரில் குடும்பம், வேலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கைதிகளை விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். இல்லினாய்ஸ் மாநிலம் 2023-ம் ஆண்டு செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது.

வெளியே வந்த பிறகு

ஜாமீன் என்பது விடுதலைத் தீர்ப்பு அல்ல. வழக்கு அப்படியே இருக்கிறது. வெடி விபத்தில் உயிர்களைப் பறிகொடுத்த குடும்பங்கள், 'விட்டுவிட்டார்களே!' என்று வேதனைப்படுவது உண்டு. விசாரணை முடிந்து குற்றம் நிரூபணம் ஆனால், தண்டனை உண்டு. சாட்சிகளை மிரட்டினால், ஜாமீனை ரத்து செய்து, மறுபடியும் உள்ளே போட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

நிபந்தனை ஜாமீன் என்றால், தினமும் காலை 10.30 மணிக்குப் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கும். குவாரிக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். அதற்காகக் கையெழுத்தை விட்டுவிடக் கூடாது. சில நாள் ஒழுங்காகப் போட்டுவிட்டு, நிபந்தனையைத் தளர்த்தும்படி மனுப் போடலாம்.

வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரும். ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் போகும். தொகையைக் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் சொத்தில் இருந்து வசூல். அதுவும் முடியாவிட்டால், ஜாமீன் நின்றவர் 6 மாதம் வரை சிவில் ஜெயிலில் இருக்க நேரிடலாம். நியாயமான காரணம் சொன்னால், தொகையைக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

'இவன் போக்கு சரியில்லை' என்று தோன்றினால், ஜாமீன் நின்றவர் கோர்ட்டுக்குப் போய், தம்மை விடுவிக்கும்படி கேட்கலாம். அப்போது கைதானவர் வேறு ஆளைக் கொண்டுவர வேண்டும். தொகை பறிமுதல் ஆகும் முன்பே ஜாமீன்தாரர் இறந்துவிட்டால், அவருடைய சொத்துக்கும் பிள்ளைகளுக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை.

ஆகவே, ஜாமீன் கையெழுத்துக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. விளையாட்டாகப் போடவும் கூடாது. ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாய்தாவை இவர் நினைவு வைத்திருக்க வேண்டும். அன்று காலையில் கூப்பிட்டு, "இன்னைக்குக் கோர்ட்டு, மறந்துடாதே" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதைச் செய்ய ஒரு மாமாவோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ முன்வந்தால் போதும். தாலியையும் அடகு வைக்க வேண்டாம். ஆட்டையும் விற்க வேண்டாம். ஜெயிலில் இருப்பவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.